இரண்டு இடது கைகள்

படுத்ததும் தூங்கிவிடுகிறவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. தூக்கம் வரவில்லை என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும். உடம்பு வளைந்து வேலை செய்தால் வரும், கண்டதையும் யோசிக்காமல் இருந்தால் வரும், மனசு சுத்தமாக இருந்தால் வரும் என்று வைத்தியம் சொல்ல ஓடி வந்துவிடுவார்கள். பள்ளிச் சீருடை தைக்கிற பட்டறையில் துணி வெட்டுகிற மாஸ்டராக இருந்தவளும் நாற்பத்தாறு வயது வரைக்கும் அந்தத் திமிர்க்காரிதான். பட்டறையில் எல்லோரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே கூப்பிட்டுக்கொள்வோம், அந்தப் பட்டத்தை அவள் எப்படி வாங்கினாள் என்பதுதான் இந்தக் கதையே.

பட்டறை ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. படியேறி வந்தால் முப்பது தையல் மெஷின்கள், அப்புறம் காஜா போடுகிற மெஷின் இரண்டு, ஜன்னலோரம் தைத்ததைச் சரிபார்க்கிற செக்கிங் மேஜை, கடைசியில் இருபதடி நீளத்துக்கு வெட்டு மேஜை. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகத் துணியைப் பிடித்து இழுத்து, சுருக்கமில்லாமல் எண்பது அடுக்கு போடுவார்கள். மேல் அடுக்கில் அளவுக்கு வெட்டிய பேட்டர்ன் அட்டையை வைத்து மாஸ்டர் சாக்பீஸால் வரைவாள். முதுகு, முன்பக்கம், காலர், பாக்கெட், இரண்டு கை. வரைந்த கோட்டில் கரண்டுக் கத்தி இறங்கும். ஒரு ஓட்டு ஓட்டினால் எண்பது சட்டை. கோடு தப்பானால் எண்பதும் தப்பு. தைக்கிறவள் தப்பு செய்தால் பிரித்துத் தைக்கலாம், வெட்டுகிறவள் தப்பு செய்தால் அந்தத் துணியால் தரையைத்தான் துடைக்கலாம்.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. வழக்கமான சீருடைத் துணிக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்று கிடையாது. கை அட்டையை அப்படியே இரண்டு தடவை வைத்து வரைந்துவிடலாம். வெட்டியபின் ஒன்றைத் திருப்பிப் போட்டால் இடது கை வலது கையாகிவிடும். ஆனால் ஒரே ஒரு பள்ளிக்கூடம் மட்டும் ஒரு பக்கம் பளபளக்கிற துணியைக் கேட்கும். அதைத் திருப்பித் தைக்க முடியாது. அதற்குக் கை அட்டையை ஒரு தடவை நேராக வைத்தும், மறு தடவை புரட்டி வைத்தும் வரைய வேண்டும். புரட்ட மறந்தால் எண்பது சட்டைக்கும் இரண்டு இடது கை. வருஷத்தில் ஒரே மாதம் வந்து போகிற துணி அது. மற்ற பதினோரு மாதப் பழக்கம் கையைப் பிடித்து இழுக்கும். அன்றைக்கு நன்றாகத் தூங்கி எழுந்து வந்தவளுக்குத்தான் அந்த இழுப்பு தெரியும்.

மாஸ்டருக்குத் தூக்கம் கெட்டது சொல்லாமல் கொள்ளாமல்தான். முதலில் தீட்டுக் கணக்கு தாறுமாறானது. ஒரு மாதம் இருபது நாளில் வந்தது, அடுத்தது ஐம்பது நாளாகியும் காணோம். பிறகு விடியற்காலை மூன்று மணிக்கு யாரோ தோளைத் தட்டி எழுப்பிய மாதிரி விழிப்பு வர ஆரம்பித்தது. மார்பிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, காது, உச்சந்தலை வரை ஏறும். போர்வையை உதறினால் ஐந்து நிமிஷத்தில் நனைந்த நைட்டி முதுகில் ஒட்டிக் குளிரும். பக்கத்தில் புருஷன், லிப்ட் மெக்கானிக், இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கிக்கொண்டே தூங்கக்கூடியவர், தன் பங்குப் போர்வையோடு அவள் பங்கையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு குறட்டை விடுவார். அந்தக் குறட்டையைக் கேட்டு அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும்.

பகலில் அதைச் சரிக்கட்டப் பார்த்தாள். மூன்று டீ ஏழு டீயானது. சாப்பாட்டு நேரத்தில் துணிக் கட்டுகளின்மேல் சாய்ந்து ஒரு மணிநேரம் தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமை பதினொன்று வரை படுத்துக் கிடந்தாள். விழித்துக்கொண்டால் போனை எடுத்து, தனக்குச் சம்பந்தமே இல்லாதவர்களின் வீட்டுச் சமையலறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை ஒன்றைப் போட்டுப் பார்த்து, மறுநாள் மத்தியானம் வரைக்கும் நாக்கு தடித்துப்போய்த் திரிந்தாள். மகள் ஒரு நாள், "அம்மா, நீ இப்பல்லாம் கடிச்சுக் குதறுற," என்றாள். "ஆமா, நாய்தானே நான்," என்று கத்திவிட்டு, குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். இப்படியே எட்டு மாதம் போனது.

அந்த வருஷம் பளபளப்புத் துணி வந்தது. எண்பது அடுக்கும் போட்டு முடிந்து, மாஸ்டர் வரைந்து முடித்து, கத்தியின் சுவிட்சைப் போட்டாகிவிட்டது. மேஜையின் மறுமுனையில் இருந்தவளுக்குப் பட்டறையில் வாயாடி என்று பெயர். முப்பத்து மூன்று வயது, இரண்டு பிள்ளைக்காரி, பாத்ரூமில் இருந்துகொண்டும் பேசுவாள். அவள் இரண்டு கைகளையும் துணிமேல் விரித்து வைத்துக்கொண்டு போட்ட கூச்சலில் முப்பது மெஷினும் நின்றன.

"அக்கா, நிறுத்துங்க! அட்டையைப் புரட்டவே இல்ல. ரெண்டும் இடது கை!"

மாஸ்டர் சுவிட்சை அணைத்தாள். குனிந்து பார்த்தாள். இரண்டு கையும் ஒரே பக்கம் வளைந்து அடுத்தடுத்துக் கிடந்தன.

"நல்லவேளை, என் கண்ணு பட்டுச்சு. இல்லாட்டி புள்ளைங்க எல்லாம் வலது கையைப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போகணும்," என்று வாயாடி சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் கத்தியைத் தள்ளி வைத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் பயந்துவிட்டாள் என்று நினைத்து வாயாடி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பயமில்லை அது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மேஜையில், வாயாடி நின்ற இடத்தில் மாஸ்டர் நின்றாள். இந்த முனையில் இருந்தவர் பெரிய மாஸ்டர். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. அட்டையே இல்லாமல் காலர் வரையத் தெரிந்த கை அவருடையது. ஆனால் அந்த ஒரு வருஷமாகக் கண் சிவந்து வருவார், பேட்டர்ன் அட்டையால் விசிறிக்கொள்வார், மத்தியானத்தில் நின்றபடியே கண்ணயர்வார், காரணமில்லாமல் எரிந்து விழுவார். தூக்கத் திமிர்க்காரிக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. பெரிய மாஸ்டர் இல்லாதபோது அவரைப் போலக் கண்சொருகி நடித்துக் காட்டி மற்றவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறாள்.

ஒரு நாள் டீ நேரத்தில் துணிக் கட்டுகளுக்குப் பின்னால் எதையோ எடுக்கப் போனவள் காதில், பெரிய மாஸ்டர் தன் தோழியிடம் பேசியது விழுந்தது. தோழி என்றால் செக்கிங் மேஜைக்காரர், இருவரும் இருபது வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள்.

"ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்தா அதோட சரி. ஒரு வருஷமாச்சு. உடம்பெல்லாம் தீயா எரியுது. வெளியில சொன்னா வேலைக்கு லாயக்கில்லன்னு சொல்லிடுவாங்க. உன்கிட்டதான் சொல்றேன்," என்றார் பெரிய மாஸ்டர்.

அதற்கு அடுத்த வாரம் பளபளப்புத் துணி. மறுமுனையில் நின்றவள் கண்ணுக்கு இரண்டு இடது கைகளும் நன்றாகத் தெரிந்தன. சாக்பீஸ் கோடு நீலநிறம், துணி வெள்ளை, தெரியாமல் போக வழியே இல்லை. "அக்கா, அட்டையைப் புரட்டலை." மூன்றே வார்த்தை. அவள் வாயைத் திறக்கவில்லை. கத்தி இறங்கி, வளைந்து, வெளியே வரும்வரை துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மேனேஜர் கத்தியபோது, தனியாக அவர் அறைக்குப் போய், "அவங்களுக்கு ஒரு வருஷமா ராத்திரித் தூக்கமே இல்ல சார், பகல்ல தூங்கி வழியறாங்க, நான்தான் சமாளிச்சுக்கிட்டு இருக்கேன்," என்றாள். மகளைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய வருஷம் அது. அதையெல்லாம் காரணம் என்று சொல்லலாம், ஆனால் அவளுக்கு அந்த மேஜை வேண்டும் என்கிற ஆசை அதற்கும் ஐந்து வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது.

மேனேஜர் எல்லோர் முன்னாலும் வந்து கேட்டார். "ஒரு வருஷமாத் தூக்கமே இல்லையாமே உங்களுக்கு? வீட்டுல போய் நல்லாத் தூங்குங்க." பெரிய மாஸ்டர் செக்கிங் மேஜைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனவர்தான், திரும்ப வரவில்லை. செக்கிங் அக்காவும் மறுமாதமே வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். இவள் மாஸ்டரானாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அது அவரவர் நெஞ்சைப் பொறுத்தது. இவள் நெஞ்சு பன்னிரண்டு வருஷம் ஒரு சத்தமும் போடவில்லை, படுத்ததும் தூங்கியது. அதனால் இப்போது தூக்கம் கெட்டதைப் பாவத்தின் சம்பளம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உடம்பு வேறு, பாவம் வேறு. அதை அவளுக்குச் சொன்னவர் டாக்டரம்மா.

வாயாடிதான் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சின்ன கிளினிக், நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஓடாத கடிகாரம் ஒன்று. டாக்டரம்மா முதலில் வயதைக் கேட்டார், பிறகு தீட்டுக் கணக்கைக் கேட்டார், பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார்.

"மாதவிடாய் நிக்கறதுக்கு முன்னாடி சில வருஷம் ஹார்மோன் ஏறும், இறங்கும். அந்த ஆட்டத்துலதான் சூடு வருது, வேர்க்குது, முழிப்பு வருது, கோபம் வருது. உங்க தப்பு ஒண்ணும் இல்லம்மா. சோம்பேறித்தனமும் இல்ல, மனசு கெட்டுப் போகவும் இல்ல."

"எல்லாருக்கும் வருமா டாக்டர்?"

"நிறையப் பேருக்கு வரும். கொஞ்சப் பேருதான் வாயைத் திறந்து சொல்வாங்க. மத்தவங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பாங்க. தைராய்டும் ரத்தமும் பாத்துடலாம், சில சமயம் அதுவும் சேர்ந்து படுத்தும்."

பிறகு அவர் சொன்னவை ஒன்றும் மந்திரமில்லை. மெடிக்கலில் கேட்டு வாங்குகிற மாத்திரையை விட்டுவிட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டீ கூடாது. பகல் தூக்கம் இருபது நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை உட்பட ஒரே நேரத்துக்கு எழுந்துவிட வேண்டும். படுக்கிற அறை குளுமையாக, இருட்டாக இருக்க வேண்டும், போன் அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது. மெல்லிய பருத்தி உடை, மாற்றிக்கொள்ள இன்னொன்று கைக்கெட்டும் தூரத்தில். விழிப்பு வந்து வெகுநேரம் தூக்கம் வராவிட்டால், படுத்துக் கிடந்து மணி பார்க்காமல் எழுந்து போய் மங்கலான வெளிச்சத்தில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, கண் சொக்கும்போது வந்து படுக்க வேண்டும்.

"ரெண்டு மாசம் செஞ்சு பாருங்க. கேக்கலேன்னா வாங்க, அதுக்கும் சிகிச்சை இருக்கு. பொறுத்துக்கிட்டு மட்டும் இருக்காதீங்க," என்றார் டாக்டரம்மா.

இதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மாஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆறுதலில் அழுகிறாள் என்று நினைத்து வாயாடி முதுகைத் தடவினாள். மாஸ்டர் நினைத்தது வேறு. கால்மணி நேரப் பேச்சு. இதைச் சொல்ல அன்றைக்கு ஒரு ஆள் இல்லாமல்தானே அந்த மனுஷி பேட்டர்ன் அட்டையால் விசிறிக்கொண்டு நின்றார். பக்கத்திலேயே நின்றவள் அதை நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

வீட்டில் முதல் காரியமாகப் போர்வை பாகப்பிரிவினை நடந்தது. புருஷனுக்குக் கம்பளி, அவளுக்கு ஒரு மெல்லிய துப்பட்டி. "இருபத்து நாலு வருஷம் கழிச்சுப் பாகம் கேக்கறியே, கோர்ட்டுக்குப் போகாம விட்டியே," என்றார் லிப்ட் மெக்கானிக். ஆனால் அவரே ஜன்னலோரம் கட்டிலைத் திருப்பிப் போட்டு, பழைய பேன் ஒன்றைச் சரிசெய்து அவள் பக்கம் வைத்தார். மகள் போனை வாங்கிச் சமையலறை அலமாரியில் பூட்டினாள். ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று தெரிந்து அதற்கும் மாத்திரை வந்தது. முதல் இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை, டீ இல்லாத தலைவலி மட்டும் கூடுதலாக வந்தது. மூன்றாவது வாரம் நாலரைக்கு விழிப்பு வந்தது. ஒரு மாதத்தில் ஐந்தரை. சூடு வராமல் இல்லை, வந்துவிட்டுப் போனது, உடை மாற்றிக்கொண்டு திரும்பப் படுத்தால் தூங்க முடிந்தது. வாரத்தில் இரண்டு நாள் பழைய குருடி கதவைத் திறடி என்று மூன்று மணி வரும். மற்ற ஐந்து நாள் அவள் மனுஷியாக எழுந்தாள்.

தூக்கம் வர வரத்தான் யோசனையும் வந்தது. எட்டு மாதம் களைப்பிலேயே கழிந்ததில் எதையும் முழுசாக நினைக்க முடிந்ததில்லை. இப்போது தெளிந்த தலையோடு மேஜைமுன் நின்றால், நீல சாக்பீஸ் கோடு இரண்டும் கண்முன் வந்து நின்றன. போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொல்லி என்ன ஆகப் போகிறது என்றும் தோன்றியது. ஒரு மாதம் இப்படியே இழுபறியாக இருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பழைய விலாசத்தை விசாரித்துக்கொண்டு போனாள்.

பெரிய மாஸ்டர் அதே வீட்டில்தான் இருந்தார். முன்னறையில் ஒரு தையல் மெஷின், சுவரில் கொக்கி வரிசை, அதில் நீளம் குறைக்க வந்த பேண்டுகள். அறுபது வயது, தலை முழுக்க நரை, முகம் மட்டும் முன்பைவிடத் தெளிந்திருந்தது. வாசலில் நின்றவளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அடியே, நீயா! உள்ள வா," என்றார். அந்த "அடியே"யில் ஒரு கசப்பும் இல்லை.

டீ போட எழுந்தவரை மாஸ்டர் தடுத்தாள். "மத்தியானத்துக்கு மேல டீ கிடையாதுக்கா. தூக்கம் போயிடும்."

"உனக்குமா வந்துடுச்சு?" பெரிய மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். "என்னை அது நாலு வருஷம் ஆட்டி வச்சுது. அம்பத்திரண்டுக்கு மேல தானா அடங்கிடுச்சு. இப்ப பத்து மணிக்குப் படுத்தா வீட்டையே தூக்கிட்டுப் போனாலும் தெரியாது."

மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். "அக்கா, அன்னிக்கு நீங்க அட்டையைப் புரட்டல. கத்தி இறங்கறதுக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன். பாத்துட்டும் சொல்லல."

மெஷின்மேல் இருந்த நூல்கண்டைப் பெரிய மாஸ்டர் எடுத்துச் சுற்றினார். "வரைஞ்சவ நான்தானே," என்றார். "கை என்னோடது. உன்னை என்ன சொல்றது. சொல்லியிருக்கலாம் நீ. சரி, போ, எந்தக் காலத்துக் கதை."

அங்கே நிறுத்தியிருக்கலாம். மன்னிப்பு கிட்டத்தட்டக் கையில் வந்துவிட்டது. ஆனால் மூட்டையை அவிழ்க்க வந்தவள் அடிவரைக்கும் அவிழ்த்தாள். "மேனேஜர்கிட்ட உங்களுக்கு ஒரு வருஷமாத் தூக்கம் இல்லன்னு சொன்னதும் நான்தான்க்கா. நீங்க பேசினது துணிக் கட்டுக்குப் பின்னாடி நின்ன எனக்குக் கேட்டுடுச்சு."

நூல்கண்டு நின்றது.

"நீ சொன்னியா?"

"ஆமாக்கா."

"அவ இல்லையா?"

யாரைக் கேட்கிறார் என்று மாஸ்டருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்தபோது, பெரிய மாஸ்டர் அன்று செக்கிங் மேஜைப் பக்கம் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது.

"நான் அவ ஒருத்திகிட்டத்தாண்டி சொன்னேன்," என்றார் பெரிய மாஸ்டர். குரல் ஏறவில்லை, இறங்கிக்கொண்டே போனது. "அந்த வாசப்படிக்கு எத்தனை தடவை வந்தா தெரியுமா? 'நான் என்ன பண்ணேன், சொல்லிட்டுக் கதவைச் சாத்து'ன்னு கேட்டா. உனக்கே தெரியும்னு சொல்லிச் சாத்துனேன். மக கல்யாணத்துக்கு வந்து கூப்பிட்டா, போகல. போன வருஷம் ஆஸ்பத்திரியில கிடக்கறேன்னு ஆள் அனுப்பினா. அப்பவும் போகல. செத்த அன்னிக்கும் இதோ, இதே ஸ்டூல்ல உக்காந்து பேண்டு தைச்சிட்டிருந்தேன். முகத்தைக்கூடப் பாக்கல."

செக்கிங் அக்கா செத்துப்போனதே மாஸ்டருக்கு அப்போதுதான் தெரியும். எழுந்து காலில் விழலாமா என்று நினைத்தாள், உடம்பு அசையவில்லை.

"இதை எதுக்கு இப்ப வந்து சொல்ற?" என்று கேட்டார் பெரிய மாஸ்டர். "சொல்லிட்டா உனக்குத் தூக்கம் வரும்னா?"

தூக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது என்பதை எந்த வாயால் சொல்வது. பெரிய மாஸ்டர் எழுந்து கொக்கியிலிருந்து ஒரு பேண்டை எடுத்து, அளவு நாடாவை வைத்து அளந்தார். அளந்ததையே மறுபடி அளந்தார். மூன்றாவது தடவை அளக்க ஆரம்பித்தபோது மாஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் வராது என்றுதானே எவரும் நினைப்பார்கள்? அவளும் அப்படித்தான் நினைத்தாள். வர வேண்டாம் என்றே படுத்தாள். ஆறரை மணி நேரம் ஒரே தூக்கமாகத் தூங்கினாள். அந்த எட்டு மாதம் கெஞ்சியும் வராத முழுத் தூக்கம் அந்த ஒரு ராத்திரி பார்த்துத்தானா வந்து தொலைய வேண்டும்! "முகம் எவ்வளவு தெளிவா இருக்கு பாரு," என்று லிப்ட் மெக்கானிக் சந்தோஷப்பட்டார். அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பழி செக்கிங் அக்காமேல் விழும் என்று தெரியாமல் செய்த தப்பு ஒன்று, தெரிந்து செய்த தப்பு ஒன்று, திருத்தப் போய்ச் செய்த தப்பு ஒன்று. மூன்றாவதுதான் மூத்த தப்பாக வந்து முடிந்தது. சொல்லாமலே இருந்திருந்தால் அந்தக் கிழவி பத்து மணிக்குப் படுத்துத் தூங்கியிருப்பார். சொல்லாமல் இருப்பதும் அயோக்கியத்தனம்தான். அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கணக்கு சரிப்படவில்லை.

ஒன்பது நாள் கழித்து, காலை ஆறு மணிக்கு, அலமாரியைத் திறந்து போனை எடுத்த நேரம் அது அடித்தது.

"முழிச்சிட்டியா?" என்றார் பெரிய மாஸ்டர். நம்பரைப் பட்டறையில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

"இப்பதான்க்கா எழுந்தேன்."

"நான் ஒம்பது நாளாத் தூங்கல."

டாக்டரம்மா சொன்ன பாடம் மாஸ்டரின் நாக்கில் தானாக ஓடியது. "அக்கா, டீயைக் குறைச்சுட்டு, படுக்கற ரூமைக் கொஞ்சம் குளுமையா..."

"வாயை மூடு. உன் வைத்தியம் எனக்கு வேணாம். நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. அன்னிக்கு டீ நேரத்துல நான் அவகிட்டப் பேசினதை நீ நின்னு கேட்டியே. நான் சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அதுக்கு அவ என்ன சொன்னா? அது வரமாட்டேங்குது. ஒம்பது நாளா மண்டையைக் குடையறேன், அவ வாய் அசையறது தெரியுது, வார்த்தை வரமாட்டேங்குது. அதைக் கேட்டவ இப்ப நீ ஒருத்திதான் மிச்சம். சொல்லு."

மாஸ்டர் சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டாள். பெரிய மாஸ்டர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு இன்றும் மனப்பாடம். மூன்று மணி, தீயாக எரிகிற உடம்பு, வேலைக்கு லாயக்கில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தனக்கு வேண்டியது காதில் விழுந்ததும் அவள் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிட்டாள். செக்கிங் அக்கா என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. "கவலைப்படாதே, நான் இருக்கேன்ல" என்று இருபது வருஷம் கூடச் சாப்பிட்ட எவளும் சொல்லியிருப்பாள். அதைச் சொல்லிவிட்டால் அந்த மனுஷி இன்று ராத்திரியாவது கண்ணை மூடுவார். வார்த்தை நுனிநாக்குவரை வந்தது. ஆனால் அந்தச் செத்துப்போனவர் சொல்லாததைச் சொன்னதாக ஒரு தடவை நம்பவைத்தது போதாதா?

"எனக்குத் தெரியாதுக்கா," என்றாள். "அவங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே நான் போயிட்டேன்."



"நல்லா யோசிச்சுப் பாரு. ஒரு வார்த்தையாவது காதுல விழுந்திருக்கும். நாளைக்குக் கூப்பிடறேன்."

"யோசிச்சாலும் வராதுக்கா. நான் அதைக் கேக்கவே இல்ல."

"கூப்பிடறேன்," என்று சொல்லிப் பெரிய மாஸ்டர் வைத்துவிட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது.